க்ரிப்டோ செடியின் இலை எல்லாம் கரைந்துவிட்டது. எறியலாமா, காத்திருக்கலாமா?

இரண்டடித்தொட்டி

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய், மீன் தொட்டிக்குள் வளர்க்கும் க்ரிப்டோகொரைன் வென்டி செடி, பிரவுன் ரகம், மூன்று பாட் வாங்கி வந்தேன். கடையில் பார்க்கும்போது இலை ஒவ்வொன்றும் விறைப்பாக, பளபளவென்று இருந்தது. நட்ட மூன்றாம் நாள் இலைக்காம்பு கண்ணாடி போல ஆனது. ஐந்தாம் நாள் எல்லாம் வெந்த கீரை. விரல் பட்டாலே கரைந்து மிதந்தது. இன்று ஏழாம் நாள், மணலுக்கு மேல் ஒன்றுமே இல்லை.

தொட்டி 2 அடி, போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 600க்குப் பக்கம். மணலுக்கு அடியில் கொஞ்சம் செம்மண். எல்இடி விளக்கு எட்டு மணி நேரம். மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. கடைக்காரரைக் கேட்டால் "உங்க தண்ணி சரியில்ல சார்" என்று முடித்துவிட்டார். மூன்றுக்கும் சேர்த்து 450 ரூபாய் கொடுத்தேன். பிளாஸ்டிக் செடியே வாங்கியிருக்கலாமே என்று வீட்டில் பேச்சு கேட்டாகிவிட்டது. பிடுங்கி எறிந்துவிடவா?

பாசிபிடித்தவன்

எறியாதீர்கள். மணலைக் கொஞ்சம் விலக்கி, செடி இருந்த இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். அடியில் உள்ள கிழங்கு கெட்டியாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. கொழகொழவென்று இருந்து நாற்றமும் அடித்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். முக்கியமான விஷயம், பிடுங்கிப் பார்க்க வேண்டாம். வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தே நான் நான்கு செடிகளைக் கொன்றிருக்கிறேன்.

இதற்கு 'க்ரிப்ட் மெல்ட்' என்று பெயர். அந்தக் காலத்து மீன் தொட்டிக்காரர்கள் இதை ஒரு தொற்றுநோய் என்றே நம்பி, தொட்டியைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்தார்கள். பெரும்பாலும் நோய் இல்லை. பண்ணைகளில் இந்தச் செடியைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். அதுதான் சீக்கிரம் வளரும், பூச்சி பாசி தொல்லை கிடையாது, பெட்டியில் போட்டு அனுப்பவும் வசதி. ஆக நீங்கள் வாங்கியது காற்றில் வாழத் தயாரான இலை. அதைத் தண்ணீருக்குள் அமுக்கினால் அந்த இலை செடிக்குப் பயன்படாது. பழையதைக் கைவிட்டுவிட்டு, தண்ணீருக்குத் தோதான புது இலையைக் கிழங்கிலிருந்து தள்ளும்.

தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த செடியும் கரையும். விளக்கை மாற்றினாலோ, மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றினாலோ, இடம் பெயர்த்து நட்டாலோ போதும். என் வீட்டில் ஒருமுறை விளக்கை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டேன். ஒரு வாரத்தில் மொட்டை.

இரண்டடித்தொட்டி

அழுத்திப் பார்த்தேன். மூன்றில் இரண்டு கெட்டியாக, விரலி மஞ்சள் நுனி போல இருக்கின்றன. ஒன்று சந்தேகம். எத்தனை நாள் பார்க்க வேண்டும்?

பாசிபிடித்தவன்

மூன்று வாரம். சில சமயம் இரண்டு மாதம். அழுகிய இலைத் துணுக்குகளை மட்டும் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும். வேறு எதையும் மாற்ற வேண்டாம். 600 டிடிஎஸ் அதிகம்தான், ஆனால் வென்டி தாங்கும். கடைக்காரர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டல்மண்

எனக்கு மீன் தொட்டி எல்லாம் கிடையாது. தங்கை மகன் இந்த இழையைக் காட்டினான், அதனால் எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கம் விவசாயம்.

இதே சாதி போல ஒன்று எங்கள் வாய்க்காலிலும் வயல் ஓரத்திலும் கிடக்கிறது. இலை நீங்கள் போட்ட படத்தில் உள்ளது போல அகலம் இல்லை, நீளமாகக் கோரை போல இருக்கும். கோரை என்று நினைத்துப் பிடுங்கினால் அடியில் தடித்த கிழங்கு வரும். அறுவடை முடிந்து தண்ணீர் வடியும்போது, தை கடைசியில், சேற்றை ஒட்டி ஒரு பூ வரும். பூ என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கருஞ்சிவப்பில், திருகிய கயிறு மாதிரி, உள்பக்கம் குறுக்கே வரி வரியாக மேடு. சித்திரை வைகாசியில் வயல் வெடித்துக் கிடக்கும்போது ஒரு இலை இருக்காது. தண்ணீர் வந்து சேறு கலங்கியதும் எங்கிருந்தோ முளைத்துவிடும்.

இதற்கென்று பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கு அது களை. ஆனால் என் தாத்தா காலத்தில் இந்தக் கிழங்கைத் தோண்டிக் காயவைத்து நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுப்பார்களாம். நாட்டு அதிவிடயம் என்பார்களாம். இரண்டும் ஒரே செடிதானா?

மகாவலிக்கரை

ஓம், நீங்கள் சொல்வது க்ரிப்டோகொரைன் ஸ்பைரலிஸ். வென்டிக்கு உறவுக்காரன், ஒரே பேரினம். இரண்டும் சேம்புக் குடும்பம். ஸ்பைரலிஸின் அடையாளமே நீங்கள் எழுதிய அந்தத் திருகிய, வரி வரியான பூமடல்தான். மற்ற இனங்களில் பூவின் அடியில் உள்ள குடுவைக்கும் மேலே உள்ள மடலுக்கும் நடுவில் ஒரு குழாய் நீளும். ஸ்பைரலிஸில் அந்தக் குழாய் இல்லை என்றே சொல்லலாம், அதனால்தான் சேற்றோடு ஒட்டிக் கிடக்கிறது.

நான் கண்டியில் இருக்கிறேன், இந்தச் செடிப் பைத்தியம் பிடித்து இருபது வருடம் ஆகிறது. நீங்கள் களை என்று பிடுங்கிப் போடும் செடிதான் இந்தப் பேரினத்துக்கே மூத்தது. 1779இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ரெட்ஸியஸ் இதை 'ஆரம் ஸ்பைரலே' என்று முதலில் எழுதிவைத்தார். தாவரவியலாளர் லினேயஸின் மாணவர் கோனிக், உங்கள் தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்களின் வைத்தியராக வந்தவர், ஐரோப்பாவுக்குச் செடிகள் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு 1830இல் அதை 'ஆரம்' என்ற பேரினத்திலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக்கினார்கள். க்ரிப்டோகொரைன் என்றால் கிரேக்கத்தில் ஒளிந்த கதாயுதம். உள்ளே இருக்கும் கதிர் வெளியே தெரியாது, அதனால் அந்தப் பெயர். இன்றைக்கு இந்தியாவில் தொடங்கி நியூகினி வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

மூத்ததுக்குத் தமிழில் களை என்பதுதான் பெயர் என்றால் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது.

மருந்துக்கடைப்பேரன்

அதிவிடயம் என்று பெயர் அடிபட்டதால் உள்ளே வருகிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை.

அதிவிடயம் என்பது இமயமலையில் விளையும் அகோனைட்டம் ஹெட்டரோபில்லம். வச்சநாபியின் இனம், ஆனால் வச்சநாபி போல நஞ்சு இல்லை என்பதால்தான் குழந்தை மருந்திலும் சேர்த்தார்கள். அது விலை அதிகம், தூரத்திலிருந்து வர வேண்டும். அதற்கு மாற்றாகத் தெற்கே புழங்கியது நாட்டு அதிவிடயம், அதாவது வண்டல்மண் அய்யா சொல்லும் கிழங்கு. இரண்டுக்கும் தாவரக் குடும்பத்திலேயே சம்பந்தம் இல்லை. இமயத்து அதிவிடயம் உடைத்தால் உள்ளே வெள்ளை, சின்ன முள்ளங்கி போல ஒரு முனை கூர்மை. நாட்டு அதிவிடயம் கணுக்கணுவாக, வேர்த்தழும்புகளோடு நீளத் துண்டாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். பொடியாக்கிவிட்டால் எனக்கே தெரியாது.

வயலில் தோண்டி யாரும் வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம். சேம்பு, சேனை, கருணை எல்லாவற்றிலும் இருக்கும் அதே ஊசிப் படிகங்கள் இந்தக் குடும்பத்தில் பொதுவாக உண்டு. தொண்டை அரித்தெடுத்துவிடும்.

இரண்டடித்தொட்டி

450 ரூபாய் கொடுத்து இலங்கைச் செடியை வாங்கி, அதுவும் கரைந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். மன்னார்குடியில் சும்மா கிடக்கிறதாம்! வண்டல்மண் அண்ணா, நான்கு கிழங்கு கூரியரில் அனுப்ப முடியுமா? செலவை நான் தருகிறேன்.

வண்டல்மண்

நான்கு என்ன, ஒரு சாக்கு அனுப்புகிறேன்.

பாசிபிடித்தவன்

கொஞ்சம் பொறுங்கள். மருந்தடித்த வயலிலிருந்து வரும் கிழங்கை மீன் தொட்டிக்குள் போட்டால் செடி பிழைக்கும், இறால் செத்துப்போகும். தனி வாளியில் சில வாரம் வைத்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அப்புறம் ஸ்பைரலிஸ் ஒரு அடிக்கு மேலும் போகும். 2 அடித் தொட்டியில் பின்வரிசையில் மட்டும் வைக்கலாம்.

மகாவலிக்கரை

வயல் களையை நாலு எடுப்பதில் ஒரு குறையும் வராது. என் பயம் வேறு. 'காட்டில் சும்மா கிடக்கிறது' என்ற பேச்சு வயலில் தொடங்கி ஓடையில் போய் முடியும்.

எங்கள் ஊரில் உள்ள இனங்கள் அநேகமாக வேறெங்கும் இல்லாதவை. வென்டி, பெக்கெட்டி, வாக்கரி, பார்வா, த்வெய்டிசி, போக்னரி எல்லாமே இலங்கைக்கு மட்டும் உரியவை. சில இனங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஓடைகளில்தான் மிச்சம். மேலே உள்ள மரத்தை வெட்டி வெயில் விழுந்தாலே போதும், ஓடையின் குணம் மாறிவிடும். அங்கே ஒருத்தர் சாக்கோடு போனால் கதை முடிந்தது.

பெக்கெட்டியின் கதையைக் கேளுங்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் இங்கே தோட்டம் வைத்திருந்த பெக்கெட் என்ற வெள்ளைக்காரரின் பெயர் அதற்கு. ஊரில் அதைத் தேடிப் போனால் வழி கேட்டுக் கேட்டுத்தான் பார்க்கலாம். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் சான் மார்கோஸ் என்று ஒரு ஆறு. ஊற்றுத் தண்ணீர், வருடம் முழுக்க ஒரே சூடு. யாரோ மீன் தொட்டியைக் கழுவி ஊற்றியிருப்பார்கள் போல, 1993இல் அங்கே பெக்கெட்டியைக் கண்டார்கள். சில வருடங்களில் ஆற்றின் அடியில் பாய் விரித்தது போலப் படர்ந்தது. அந்த ஆற்றில் மட்டுமே வளரும் ஒரு காட்டு அரிசி இருக்கிறது, டெக்சஸ் வைல்ட் ரைஸ் என்பார்கள். அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து, ஆட்களை இறக்கி உறிஞ்சும் இயந்திரம் வைத்து அடிமண்ணோடு அள்ளினார்கள். இங்கே காணக் கிடைக்காதது அங்கே அள்ள அள்ள வருகிறது.

ஆகவே தொட்டிச் செடியை வாய்க்காலில் போடாதீர்கள், ஓடைச் செடியைத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

சோலைக்காற்று

வால்பாறையிலிருந்து. இங்கே மலை ஓடைகளிலும் க்ரிப்டோ உண்டு என்று சொல்கிறார்கள். பாறை இடுக்கில் வேர் ஊன்றி, நீளமான இலையோடு நீரோட்டத்தில் அலையும் ஒரு செடியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் மொத்தமாக வெள்ளத்துக்குள். தண்ணீர் வடிந்த பிறகுதான் பூ. காப்புக்காடு என்பதால் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை, படம் மட்டும். ஆனால் எனக்கு எப்போதும் குழப்பம், இது க்ரிப்டோவா, அதன் நெருங்கிய உறவான லேஜனான்ட்ராவா? பூ இல்லாத நாளில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மகாவலிக்கரை

இளம் இலையைப் பாருங்கள். விரியாத குருத்து எப்படிச் சுருண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது விடை.

பாயை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே சுருளாகச் சுருட்டி மூலையில் சாத்துவோமே, குருத்து அப்படி இருந்தால் க்ரிப்டோகொரைன். அதே பாயை இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சுருட்டினால் இரண்டு சுருள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அப்படி இருந்தால் லேஜனான்ட்ரா. நரம்பு, நிறம், அலை அலையான ஓரம் எல்லாம் ஏமாற்றும், குருத்து ஏமாற்றாது.

பூ கிடைத்தால் உள்ளே பெண் பூக்களைப் பாருங்கள். க்ரிப்டோவில் அவை ஒரே வட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும். காய் பழுத்தால் நட்சத்திரம் போல வெடிக்கும். லேஜனான்ட்ராவில் பெண் பூக்கள் தனித்தனி, காயும் தனித்தனி. லேஜனான்ட்ரா தெற்காசியாவைத் தாண்டுவது அபூர்வம், பெரும்பாலானவை இலங்கையிலும் உங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமும்தான். ஒரு இனத்தின் பெயரே டாக்சிகேரியா, விஷம் என்ற பொருளில். அதையும் வாயில் வைக்க வேண்டாம் என்று மருந்துக்கடைத் தம்பி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பாசிபிடித்தவன்

இங்கே ஒரு வேடிக்கை. 'லேஜனான்ட்ரா மீபோல்டி ரெட்' என்று இப்போது தொட்டிக்காரர்கள் எல்லோரும் தேடும் செடி, நம் தென்மேற்குக் கரையின் சொந்தச் செடி. அதை வெளிநாட்டுப் பண்ணையின் திசு வளர்ப்பு டப்பாவில் விமானத்தில் வரவழைத்து, பாலக்காட்டுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு காசு கொடுத்து வாங்குகிறோம். நானும் வாங்கினேன். கரைந்துவிட்டது.

மருந்துக்கடைப்பேரன்

:)

சோலைக்காற்று

குருத்துப் படம் பழைய கோப்பில் கிடைத்தது. ஒற்றைச் சுருள். அப்படியானால் க்ரிப்டோதான். நன்றி அண்ணா. பூ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன். ஒருமுறை பூவைப் பிளந்து பார்த்தேன் (கீழே உதிர்ந்தது, பறித்ததில்லை), உள்ளே நான்கைந்து குட்டி ஈக்கள் இருந்தன.

மகாவலிக்கரை

அந்த ஈக்கள் விருந்தாளியாக வந்து மாட்டிக்கொண்ட கைதிகள்.

பூவைப் பாளை என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தென்னம்பாளை போல வெடித்து விரியாது. அடியில் ஒரு குடுவை, அதற்கு மேல் குழாய், உச்சியில் மட்டும் ஒரு வாய். குடுவைக்குள் ஒரு சின்னக் கதிர். கதிரின் அடியில் பெண் பூக்கள், கொஞ்சம் வெற்றுக் காம்பு, அதற்கு மேல் ஆண் பூக்கள். வாய் திறந்ததும் வாசனை வரும், நமக்கு அது நாற்றம். அதை நம்பி வரும் ஈ வழுக்கி உள்ளே விழும். குடுவையின் வாயில் ஒரு மூடி போன்ற மடிப்பு, சுவரும் வழுக்கல், ஏற முடியாது. முதலில் பெண் பூக்கள்தான் தயாராக இருக்கும். ஈ வேறு பூவிலிருந்து மகரந்தம் சுமந்து வந்திருந்தால் அங்கே சேர்ந்துவிடும். பிறகுதான் ஆண் பூக்கள் மகரந்தத்தை விடும். ஈ அதைப் பூசிக்கொண்ட பின் சுவரின் வழுக்கல் குறைந்து, வெளியே போக வழி கிடைக்கும். போய் அடுத்த குடுவையில் விழும். படிப்பினை என்ற ஒன்று அந்த ஈக்கு இல்லை.

குழாய் எதற்கு என்றால், செடி தண்ணீருக்குள், ஈ காற்றில். தண்ணீர் ஆழமாக இருந்தால் குழாயை நீட்டி வாயை மட்டும் மேலே தூக்கிவைக்கும் இனங்கள் உண்டு. இன்னும் விசித்திரம் சிலியாட்டா என்ற இனம். கடல் நீர் ஏறி இறங்கும் கழிமுகச் சேற்றில் வளர்வது. அதன் விதை காய்க்குள் இருக்கும்போதே முளைவிட்டுத் தயாராகிவிடும், அலையாத்தி மரங்கள் செய்வது போல. தண்ணீர் அடித்துக்கொண்டு போவதற்குள் வேர் ஊன்ற வேண்டுமே.

நெவிலிதேடி

நான் நெடுநாளாக 'நெவிலி' என்று ஒரு குட்டை க்ரிப்டோ செடி வளர்க்கிறேன். அது நெவிலியே இல்லை என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். உண்மையா?

மகாவலிக்கரை

பெரும்பாலும் உண்மை. சந்தையில் பல பத்தாண்டுகள் நெவிலி என்று விற்றது வில்லிசி. அது தனி இனம்கூட இல்லை, கண்டியைச் சுற்றி மகாவலி ஆற்றில் தானாக உண்டான கலப்பு. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த வில்லிஸின் பெயர் அதற்கு. அசல் நெவிலி எங்கள் கிழக்குப் பக்கத்து வறண்ட பிரதேசத்துச் செடி, கோடையில் ஓடையோடு சேர்ந்து அதுவும் காய்ந்து ஒடுங்கிவிடும். அதைத் தொட்டியில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. சண்டைக்கு வந்தவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள்.

வென்டியும் ஐரோப்பியத் தொட்டிகளில் பெயர் தெரியாமல் அலைந்துவிட்டு, 1958இல்தான் டி விட் என்ற தாவரவியலாளர் கையால் பெயர் பெற்றது. வென்ட் என்பவர் ஜெர்மன் மீன் தொட்டிக்காரர். ஒரு நாட்டின் ஓடைச் செடிக்கு இன்னொரு நாட்டுத் தொட்டிக்காரர் பெயர்.

வண்டல்மண்

நேற்று மண்வெட்டி எடுத்துப் போய்ப் பார்த்தேன். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, மேலே ஒரு பச்சை இல்லை. வாய்க்கால் ஓரம் ஒரு முழம் வெட்டினேன். கிழங்கு இருக்கிறது. மேல்தோல் சுருங்கிக் கறுத்திருக்கிறது, நகத்தால் கீறினால் உள்ளே ஈரம். இத்தனை வருடம் இதைப் பிடுங்கி வரப்பில் எறிந்திருக்கிறேன், ஒருநாளும் கீறிப் பார்த்ததில்லை. நாலு துண்டு ஈரச் சாக்கில் சுற்றி நாளை அனுப்புகிறேன் தம்பி. மீதியை மூடிவிட்டேன்.

பாசிபிடித்தவன்

வெடித்த வயலில் ஈரம்! இரண்டடித்தொட்டி, இப்போது உங்கள் தொட்டியைப் பாருங்கள். செடிக்கு இது புதிதே இல்லை.

இரண்டடித்தொட்டி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கெட்டியாக இருந்த இரண்டிலும் இலை வந்துவிட்டது. ஒன்றில் மூன்று, இன்னொன்றில் ஒன்று. சந்தேகமாக இருந்தது அழுகிவிட்டது. குருத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒற்றைப் பாய்ச் சுருள். மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

ஒரு சந்தேகம். பிரவுன் என்று விற்றார்கள், புது இலை பச்சையாக வருகிறதே? மாற்றி விற்றுவிட்டார்களா?

அப்புறம் மன்னார்குடிப் பார்சல் வந்து, மாடியில் வாளியில் இருக்கிறது. ஒரு கிழங்கின் நுனியில் வெள்ளையாக முளை தெரிகிறது.

பாசிபிடித்தவன்

மாற்றியிருக்க மாட்டார்கள். வென்டி வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறம் மாற்றும், முதல் சில இலைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னும் நான்கு இலை வரட்டும். தயவுசெய்து இடம் மாற்றி நடாதீர்கள்.

வண்டல்மண்

அனுப்பியது முளைத்ததா, நல்லது. இங்கே மேட்டூர் திறந்து ஆறு நாள் ஆகிறது, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் இன்னும் எட்டவில்லை. வெட்டிய இடத்தில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் வந்ததும் பார்த்துப் படம் போடுகிறேன்.